சூரியனில் ஒரு பெயர், சோலைக்காட்டில் ஒரு பெயர்: யார் இந்த ஜான் எவர்ஷெட்?

கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றி முடித்து, நேரம் மிச்சமிருந்தால் மலை மேலே இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவார்கள். அந்த ஆய்வகத்தின் கதையைக் கேட்டால் முதலில் வந்து நிற்கும் பெயர் ஜான் எவர்ஷெட். சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்று 1909-ல் அங்கிருந்தே கண்டுபிடித்தவர். இன்றும் உலகம் முழுக்க சூரிய இயற்பியல் படிப்பவர்கள் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் படிக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே பழனி மலையில், சோலைக்காட்டு ஓரங்களில் பறக்கும் பழுப்பு நிறக் குட்டி வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கும் அவர் பெயர்தான். ஆங்கிலத்தில் ‘எவர்ஷெட்ஸ் ஏஸ்’. அறிவியல் பெயர் தொரெஸ்ஸா எவர்ஷெடி.

சூரியனைப் பார்க்கிற ஆள் வண்ணத்துப்பூச்சிக்குள் எப்படி வந்தார்? கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

வார நாளில் வேலை, மிச்ச நேரத்தில் சூரியன்

எவர்ஷெட் பிறந்தது 1864-ல், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோம்ஷல் என்ற கிராமத்தில். பெரிய பல்கலைக்கழகம், பேராசிரியர் பதவி என்றெல்லாம் அவர் வாழ்க்கை தொடங்கவில்லை. லண்டனில் எண்ணெய், மருந்துச் சரக்குகளைச் சோதித்துப் பார்க்கும் வேதியியல் வேலை. காலையில் போய் மாலையில் திரும்பும் சாதாரண உத்தியோகம்தான்.

ஆனா மனசு முழுக்க வானம். 1890-ல் லண்டனுக்குத் தெற்கே கென்லி என்ற இடத்தில் சொந்தமாக ஒரு சிறிய ஆய்வகம் போட்டார். அதே வருஷம் பிரிட்டிஷ் வானியல் சங்கம் உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார். தொழில்முறை விஞ்ஞானிகளுக்கு வெளியே ஆர்வலர்களும் சேர்ந்து வேலை செய்ய ஒரு இடம் வேண்டும் என்பதற்காக வந்த சங்கம் அது. எவர்ஷெட் மாதிரி ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அங்கே அவர் செய்தது என்ன? சூரியனின் விளிம்பில் தீப்பிழம்பு மாதிரி எழும்பி நிற்கும் வாயுச் சுடர்களை நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்து, வரைந்து, தேதி போட்டுக் குறித்துவைத்தார். மேகம் இல்லாத நாளெல்லாம் இதே வேலை. கேட்க சலிப்பாக இருக்கும். வருஷக்கணக்கில் இந்தக் குறிப்பு சேர்ந்தால்தான் சூரியன் எப்போது துடிப்பாக இருக்கிறது, எப்போது அடங்குகிறது என்று சொல்ல முடியும்.

ஆர்தர் ரான்யார்ட் என்ற வானியல் எழுத்தாளர் அவருக்கு நெருங்கிய நண்பர். 1894-ல் அவர் இறந்தபோது தன்னுடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சொத்து இருக்க முடியாது.

முழு சூரிய கிரகணம் எங்கே வந்தாலும் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். 1896-ல் நார்வே போனார். மேகம் மூடிக்கொண்டது; கிரகணம் கண்ணில் படவே இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் மேரி ஆக்வொர்த் ஓர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் வானியல் ஆர்வலர். பத்து வருஷம் கழித்து இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

1898 ஜனவரியில் இந்தியாவுக்கே வந்தார். இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் தல்னியில் இந்த முறை வானம் ஏமாற்றவில்லை. கிரகணம் முழுமையாகும் அந்த ஓரிரு நொடியில் சூரிய விளிம்பிலிருந்து பளிச்சென்று வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் எடுத்தார். ஹைட்ரஜன் வாயு புற ஊதாப் பகுதியில் விடும் தொடர் ஒளி அதில் பதிவாகியிருந்தது. ஹைட்ரஜன் அணு எப்படி இயங்குகிறது என்ற கோட்பாடு வருவதற்கு வெகுகாலம் முன்பு எடுக்கப்பட்ட படம் அது.

இந்தப் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. இன்னும் அதே கம்பெனி, அதே வேலை.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்ததற்குக் காரணம் அழகான இயற்கை கிடையாது. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, லட்சக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். பருவமழை ஏன் தவறுகிறது, அதற்கும் சூரியனில் வரும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி அரசுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு இடம் வேண்டும் என்று முடிவானது.

நீலகிரி, பழனி மலை என்று தேடி, கடைசியில் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். 1899-ல் சென்னை வானியல் ஆய்வகத்தின் பணி அங்கே மாறியது. மைக்கி ஸ்மித் முதல் இயக்குநர். கருவிகள் வந்து இறங்கின. அவற்றை முழுமையாகக் கையாள, சூரிய நிறமாலையில் கைதேர்ந்த ஒரு ஆள் தேவைப்பட்டார்.

அந்த அழைப்பு எவர்ஷெட்டுக்குப் போனது. 42 வயதில் பழைய வேலையை விட்டார். 1906-ல் மேரியைத் திருமணம் செய்த கையோடு இருவரும் கப்பல் ஏறினார்கள். நேராக இந்தியா வரவில்லை. அமெரிக்கா போய் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தையும் அங்கே ஜார்ஜ் ஹேல் செய்துகொண்டிருந்த வேலையையும் பார்த்துவிட்டு, ஜப்பான் வழியாக 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். தேன்நிலவு என்று வைத்துக்கொண்டாலும் சரி, ட்ரெயினிங் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வரை போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் மேலே ஏற வேண்டும். கண்ணாடி லென்சும் பித்தளைக் கருவிகளும்கூட அப்படித்தான் ஏறின.

1909 ஜனவரி: கோடு ஏன் சாய்கிறது?

சூரியனின் முகத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் சில நேரம் பூமியைவிடப் பெரியவை. நடுவில் இருண்ட பகுதி. அதைச் சுற்றி, பூவிதழ் மாதிரி வரிவரியாக, அரை இருட்டான ஒரு வளையம். இந்த வளையத்தைப் புறநிழல் என்கிறார்கள்.

1908-ல் ஹேல் எடுத்த படங்களில் புள்ளிகளைச் சுற்றி ஒரு சுழல் போன்ற அமைப்பு தெரிந்தது. அப்படியானால் புள்ளி என்பது சூரியனில் அடிக்கும் சூறாவளியா? வாயு சுற்றிச் சுற்றி ஓடுகிறதா? அதே வருஷம் ஹேல், புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதையும் காட்டினார். எல்லோருக்கும் சுழல் என்ற எண்ணம் பிடித்துப்போனது.

எவர்ஷெட் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். முறை இதுதான். சூரிய ஒளியைப் பிரித்தால் வரும் நிறப்பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒளியை விடும் வாயு நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடு நீலப் பக்கம் லேசாக நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவுதான்.

1909 ஜனவரி 5. கொடைக்கானல் வானம் துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்த நாள்கள் அவை. பெரிய புள்ளிகள் இருந்தன. கருவியின் மெல்லிய பிளவைப் புள்ளியின் குறுக்கே வைத்துப் பார்த்தபோது, புறநிழல் பகுதியில் கோடுகள் நேராக இல்லை. ஒரு பக்கம் சிவப்பை நோக்கி, மறுபக்கம் நீலத்தை நோக்கி, லேசாகச் சாய்ந்திருந்தன.

இங்கேதான் அவருடைய நிதானம் தெரிகிறது. சாய்வு கிடைத்தது, சுழல் உறுதி என்று அறிக்கை விட்டிருக்கலாம். அவர் பிளவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். வாயு சுழன்று ஓடினால், ஒரு குறிப்பிட்ட திசையில் பிளவை வைக்கும்போது நகர்வு அதிகமாகத் தெரிய வேண்டும். அந்தத் திசையில் ஒன்றும் இல்லை. சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் திசையில் வைத்தால்தான் நகர்வு வந்தது. புள்ளி சூரிய முகத்தின் நட்டநடுவில் இருக்கும்போது அதுவும் காணாமல் போனது.

இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான் பொருந்தும். வாயு சுழலவில்லை. புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, நான்கு திசையிலும், சூரியப் பரப்பை ஒட்டியே கிடையாக ஓடுகிறது. சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். அதாவது மணிக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

எவர்ஷெட் விளைவு என்பது இதுதான். காந்தப்புலமும் கொதிக்கும் வாயுவும் சேர்ந்து இந்த ஓட்டத்தை எப்படி உண்டாக்குகின்றன என்பதை விளக்க, நூறு வருஷத்துக்குப் பிறகும் கணினி மாதிரிகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வண்ணத்துப்பூச்சி எங்கே வந்தது?

எவர்ஷெட்டுக்குப் பூச்சிகள் மீதும் ஆசை உண்டு. கொடைக்கானலைச் சுற்றியுள்ள மலையில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் மலை அது. சேகரிப்பவருக்குக் கேட்கவா வேண்டும்!

அதே காலத்தில் வில்லியம் ஹாரி எவான்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் இந்திய வண்ணத்துப்பூச்சிகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். ஷில்லாங்கில் பிறந்தவர். பின்னாளில் பிரிகேடியர் ஆனவர். 1910-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பழனி மலை வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இரண்டு புதிய இனங்களையும் அதில் விவரித்திருந்தார். அவற்றில் ஒன்றுக்குத்தான் எவர்ஷெட்டின் பெயரை வைத்தார். சூரியனில் பெயர் பொறித்த மறு வருஷமே வண்ணத்துப்பூச்சியிலும் பெயர் பொறித்தாயிற்று.

இது ‘ஸ்கிப்பர்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்த பூச்சி. தமிழில் துள்ளி என்று சொல்லலாம்; பறப்பதே அப்படித்தான். மற்ற வண்ணத்துப்பூச்சிகள் மாதிரி மிதந்து மிதந்து வராது. ஒரு இலையிலிருந்து விருட்டென்று கிளம்பி, கண் அதைத் தொடர்வதற்குள் அடுத்த இலையில் உட்கார்ந்திருக்கும்.

ஆளைப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா என்றே சந்தேகம் வரும். தடித்த உடம்பு. அகலமான தலை. உடம்பைப் பார்க்கும்போது சிறகு கொஞ்சம் சின்னதோ என்று தோன்றும். உணர்கொம்புகள் இரண்டும் தள்ளித் தள்ளி முளைத்திருக்கும். அவற்றின் நுனியை உற்றுப் பாருங்கள்: மற்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெறும் குமிழ்தான், துள்ளிகளுக்குக் குமிழுக்கு அப்பால் ஒரு சின்னக் கொக்கி வளைந்திருக்கும். துள்ளியை அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது. இந்த வித்தியாசங்களாலேயே துள்ளிகளை வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெளியே தனியாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் அவையும் சொந்தக்கார வீட்டுப் பிள்ளைகளே என்று உள்ளே சேர்த்தார்கள்.

எவர்ஷெட்ஸ் ஏஸ் கரும்பழுப்பு நிறம். விரித்த சிறகின் அகலம் ஒரு கட்டைவிரல் நீளத்தைத் தாண்டாது. முன்சிறகில் கண்ணாடித் துண்டு பதித்தது மாதிரி, ஒளி ஊடுருவும் சில வெளிர்ப் புள்ளிகள். மயில் கழுத்து நிறம், தங்க ரேகை என்றெல்லாம் எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராமில் போட்டால் பெரிய லைக் விழாது.

ஆனா இதுல ஒரு சிக்கல். ‘ஏஸ்’ என்று அழைக்கப்படும் பூச்சிகள் எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் ‘மெட்ராஸ் ஏஸ்’ என்று ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறது. அதுவும் பழுப்பு, அதற்கும் வெளிர்ப் புள்ளிகள். எந்தப் புள்ளி எந்த நரம்புகளுக்கு நடுவில் இருக்கிறது, ஒன்றோடொன்று தொடுகிறதா விலகி நிற்கிறதா, ஆண் பூச்சியின் சிறகில் வாசனைச் செதில்களால் ஆன தழும்பு போன்ற கோடு இருக்கிறதா, அடிச்சிறகின் நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சில துள்ளிகளில் இதுவும் போதாது. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும்.

எவான்ஸ் இந்தக் கலையில் பெரிய ஆள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, உலகத் துள்ளிகளைக் கண்டம் கண்டமாகப் பட்டியலிட்டார். 1937-ல் ஆப்பிரிக்கா, 1949-ல் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா, 1951 முதல் 1955 வரை அமெரிக்கக் கண்டம். இன்றும் துள்ளிகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. 1910-ல் ‘ஹால்ப்பே’ என்ற பேரினத்தில் அவர் வைத்த கொடைக்கானல் பூச்சி, பிற்பாடு ‘தொரெஸ்ஸா’வுக்கு மாறியது. எவர்ஷெடி என்ற பாதி மட்டும் மாறவில்லை. பெயரிடும் விதிப்படி, பூச்சி வீடு மாறினாலும் இனப்பெயர் கூடவே போகும்.

கோடு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறதா என்று நாள்முழுக்கப் பார்த்த ஒருவரின் பெயரை, புள்ளி ஒரு மயிரிழை தள்ளியிருக்கிறதா என்று பார்த்தால் மட்டுமே அடையாளம் தெரியும் பூச்சிக்கு வைத்திருக்கிறார்கள். எவான்ஸ் யோசித்துச் செய்தாரோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

மேரி எங்கே?

அறிவியல் பெயரில் ஒரு சின்ன இலக்கணம் உண்டு. ஆணின் பெயரை வைத்தால் ‘இ’ என்று முடியும். பெண்ணின் பெயரை வைத்தால் ‘ஏ’ என்று முடியும். எவர்ஷெடி என்பது ஜானுக்கு மட்டும்தான். ஆனால் அந்த மலையில் எவர்ஷெட் என்ற பெயரில் இரண்டு வானியலாளர்கள் இருந்தார்கள்.

மேரி 1867-ல் பிறந்தவர். இளம் வயதில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் தங்கி கவிஞர் தாந்தேயைப் படித்தார். பிறகு சில வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, தென்கோள வானத்தை ஆரம்பநிலை ஆட்களுக்குச் சொல்லித்தரும் நல்ல புத்தகம் இல்லையே என்று அவரே ஒன்று எழுதினார். ஜானைக் கல்யாணம் செய்வதற்குப் பல வருஷம் முன்பே வந்த புத்தகம் அது.

கொடைக்கானலில் அவருக்குப் பதவி கிடையாது. அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தது கணவர் பெயர். வேலை மட்டும் இருவருக்கும். சூரியப் புள்ளிகளோடு சேர்ந்து எழும் சுடர்களை வகைப்படுத்தி 1913-ல் மேரி தன் பெயரிலேயே ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்தச் சுடர்கள் மேலெழுந்து போவதையும், மேலிருந்து புள்ளிக்குள் இழுக்கப்படுவதையும் அதில் கவனித்து எழுதினார். கென்லி வீட்டில் 1890-ல் தொடங்கிய குறிப்புகள் முதல் கொடைக்கானலில் 1914 வரை எடுத்தவை வரை அத்தனையையும் அலசி, கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய பெரிய அறிக்கை 1917-ல் வந்தது. இதற்கு நடுவில் தாந்தே காலத்து வானியலைப் பற்றியும் ஒரு புத்தகம் முடித்தார். கொடைக்கானல் மலையில் உட்கார்ந்து இத்தாலியக் கவிஞனின் வானத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது நினைத்தாலே வியப்பாக இருக்கிறது.

லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஆரம்பித்ததே 1916-ல்தான். மேரி உறுப்பினரானது 1924-ல். அப்போது அவருக்கு 57 வயது. ஜானுக்கு அதே கழகம் 1918-லேயே தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது. 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டமும் வந்துவிட்டது.

1938-ல் மேரி இன்னொரு வேலையை முடித்துக்கொடுத்தார். நிலவின் பள்ளங்களுக்கு யார் யார் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் யார் என்று விளக்கும் கையேடு அது. பின்னாளில் நிலவின் மறுபக்கத்தில் எவர்ஷெட் என்ற பெயரும் ஒரு பள்ளத்துக்கு வந்தது. அதுவும் ஜானின் நினைவாக.

மற்ற கொடைக்கானல் வருஷங்கள்

1911-ல் மைக்கி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் இயக்குநரானார். கால்சியம் ஒளியில் சூரியனைத் தினமும் படம் எடுக்கும் கருவியை அவர் வந்த புதிதிலேயே சீர்செய்து ஓடவிட்டிருந்தார். ஹைட்ரஜன் ஒளியில் படம் எடுக்கும் கருவியையும் சேர்த்தார். 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அதையும் கொடைக்கானலிலிருந்து படம் பிடித்தார். காஷ்மீர் போய் ஸ்ரீநகர் அருகே தற்காலிக ஆய்வகம் அமைத்துப் பார்த்தார்; அங்கே காற்று அசையாமல் தெளிவாக இருக்கிறதா என்று அறியத்தான்.

அவரை ரொம்ப நாள் அலைக்கழித்தது ஐன்ஸ்டைன் விவகாரம். சூரியனின் ஈர்ப்பால் அதன் ஒளிக்கோடுகள் துளி சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டைன் கணித்திருந்தார். எவர்ஷெட்டின் அளவீடுகளிலும் நகர்வு இருந்தது. ஆனா இடத்துக்கு இடம், கோட்டுக்குக் கோடு மாறியது. பூமியே ஏதோ விதத்தில் சூரிய வாயுவைப் பாதிக்கிறதோ என்றுகூட யோசித்தார். பூமியிலிருந்து பார்க்க முடியாத சூரியப் பக்கத்தின் ஒளியை எப்படிப் பிடிப்பது? வெள்ளிக் கோள் மீது பட்டுத் திரும்பும் வெயிலை எடுத்து அளந்தார். எண்ணம் தவறாகப் போனாலும், சோதித்துப் பார்த்த வழி புத்திசாலித்தனமானது. பிற்பாடு ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு அங்கே இருக்கிறது என்ற பக்கமே அவரும் வந்தார்.

1922-ல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கு இந்தியக் குழுவை அழைத்துக்கொண்டு கிரகணம் பார்க்கப் போனார். நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறதா என்று அளப்பது நோக்கம். கருவிக் கோளாறால் பலன் கிடைக்கவில்லை. அதே கடற்கரையில் முகாமிட்ட அமெரிக்கக் குழுவுக்கு அருமையான முடிவு கிடைத்தது. கிரகணத்தில் இரண்டாவது வாய்ப்பு என்பது கிடையாது.

1923-ல் ஓய்வு. சர்ரே மாவட்டத்துக்கே திரும்பி, யூஹர்ஸ்ட் என்ற ஊரில் வீடு கட்டி, வீட்டோடு ஆய்வகமும் கட்டினார். ஓய்வூதியக்காரரின் வீட்டில் சூரிய நிறமாலைக் கருவி! பெரிய கண்ணாடி முப்பட்டகம் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், திரவம் நிரப்பிய முப்பட்டகங்களைத் தானே செய்து ஒளியைப் பிரித்தார். எண்பது வயது தாண்டியும் இது தொடர்ந்தது. 1949-ல் மேரி இறந்தார். ஜான் 1956 நவம்பர் 17-ல், 92 வயதில் காலமானார். பழனி மலைப் பூச்சிக்கு அவர் பெயரை வைத்த எவான்ஸ், அதற்கு நான்கு நாள் முன்புதான், நவம்பர் 13-ல் போய்ச் சேர்ந்திருந்தார்.

அந்தப் பூச்சி இப்போது?

எவர்ஷெட்ஸ் ஏஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அங்கேயும் அடிக்கடி கண்ணில் படாது. இதன் நெருங்கிய உறவுக் கூட்டத்தில் பெரும்பாலான பூச்சிகளின் புழுக்கள் புல், மூங்கில் வகைத் தாவரங்களைத் தின்று வளர்பவை. இலையைப் பட்டு நூலால் சுருட்டிக் கட்டி, உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்தச் செடி போனால் பூச்சியும் போகும்.

எவர்ஷெட் நடந்த பழனி மலையில் புல்வெளிதான் அதிகம். பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைக்காடு. அந்தப் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து சீகை, யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக. 1973-க்கும் 2014-க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருப்பதைக் காட்டியது. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கும் பைன் காடுகூட நட்டு வளர்த்ததுதான். 2013-ல் மலையின் கணிசமான பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சீகை விதை அறிவிப்பைப் படிப்பதில்லை. சரணாலயத்துக்குள்ளேயே முளைத்துப் பரவுகிறது.

ஆய்வகத்தில் வேலை நிற்கவில்லை. இன்று அதை நடத்துவது பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில், சூரியனின் வெளிவளிமண்டலத்தைப் படம் எடுக்கும் முக்கியக் கருவியைச் செய்ததும் அவர்களே. கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களை டிஜிட்டலாக மாற்றி, யார் வேண்டுமானாலும் ஆராயும்படி வைத்திருக்கிறார்கள். 1907-க்குப் பிறகு எவர்ஷெட் காலத்தில் எடுத்த கண்ணாடித் தகடுகளும் அதில் அடக்கம். அன்றைக்கு சூரியனில் எத்தனை புள்ளி இருந்தது, எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கலாம். அதே வருஷங்களில் ஆய்வக வாசலுக்கு வெளியே எத்தனை துள்ளிகள் பறந்தன என்பதை அப்படித் தினமும் எண்ணிவைக்க அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை.